கிண்ணத்தைக் காத்த வருடம்

லங்கா பிரீமியர் லீக்கில் எங்கட ஜப்னா அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தரம் கிண்ணம் தூக்கியிருக்கிறது. இன்றைய பிள்ளைகள் 2024 இறுதிப் போட்டியில் ரைலி ரூசோ அடித்த சதத்தைத்தான் பேசுவார்கள். எங்களைக் கேட்டால் 2021 தான் பெரிய வருடம். அது நடப்புச் சம்பியனாக இறங்கி, அடி வாங்கி, எழுந்த வருடம்.

முதல் வருடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 டிசம்பர் 16, அம்பாந்தோட்டை. திசர பெரேரா தலைமையிலான ஜப்னா ஸ்டேலியன்ஸ், காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றது. அந்தத் தொடரில்தான் யாழ் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் 19 வயதைத் தொடும் நேரத்தில் களமிறங்கி, அஞ்சலோ மெத்யூஸின் விக்கெட்டைத் தன் முதல் விக்கெட்டாக எடுத்தார்.

அடுத்த வருடம் உரிமையாளர்கள் மாறினார்கள். லைக்கா வாங்கியது, பெயரும் ஜப்னா கிங்ஸ் ஆனது. தலைவர் திசரதான். டிசம்பர் 5ஆம் திகதி முதல் போட்டி, எதிரே அதே காலி. 54 ஓட்டங்களால் தோற்றோம். போன வருடம் 53 ஆல் கொடுத்ததை ஒரு ஓட்டம் வட்டியோடு வாங்கிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பிறகு வெற்றிகள் வந்தன, தகுதிகாண் சுற்றுக்கும் போனோம். முதலாவது தகுதிகாண் போட்டியில் மறுபடியும் காலி. குசல் மெண்டிஸ் 85 அடிக்க, 64 ஓட்டத் தோல்வி. புள்ளிப்பட்டியலில் மேலே இருந்ததால் இன்னுமொரு வாய்ப்பு மிச்சமிருந்தது. அதில் தம்புள்ளை அணிக்கு எதிராக அவிஷ்க பெர்னாண்டோ சதம் அடித்தார், ஆப்கானிஸ்தான் பெடியன் ரஹ்மானுல்லா குர்பாஸ் 70. 23 ஓட்டங்களால் தப்பினோம்.

டிசம்பர் 23 இறுதிப் போட்டி. யாரோடு? காலியோடுதான். ஜப்னா 3 விக்கெட்டுக்கு 201. அவிஷ்க 63, கோலர் கட்மோர் ஆட்டமிழக்காமல் 57. பதிலுக்கு தனுஷ்க குணதிலக 21 பந்துகளில் 54 அடித்தபோது ‘முடிஞ்சுது கதை’ என்றுதான் நினைத்தோம். அவர் போனபின் காலியின் வேகம் அடங்கியது. 178. மறுபடியும் 23 ஓட்டங்கள், கிண்ணம் எங்களோடேயே நின்றது. தொடரின் சிறந்த வீரர் விருதும் அவிஷ்கவுக்கே.

‘எங்கட அணி’ என்கிறோமே, அதில் எங்கட ஊர்ப் பெடியன்கள் எத்தனை பேர் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தலைவர் சிங்களவர், சொஹைப் மாலிக் பாகிஸ்தானி, குர்பாஸ் ஆப்கானி. போட்டிகள் நடந்தது கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும். 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை.

ஆனால் சோனகதெருக்காரர் எங்களுக்கு இது புதிதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை நாங்கள். ஊரைப் பார்க்காமலே ‘யாழ்ப்பாணத்தார்’ என்று அழைக்கப்பட்டோம். மண்ணில் நிற்காமல் பெயரை மட்டும் சுமப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தொலைக்காட்சியில் அந்தப் பெயர் ஓடும்போது, திசரவின் தாய்மொழி என்னவென்று நாங்கள் பார்ப்பதில்லை.

ஊர்ப் பெடியன்களுக்கு அந்த அணி எதுவும் தரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்னா அணியில் தொடங்கிய வியாஸ்காந்த் 2024 மே மாதம் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குப் புல்தரையும் பயிற்சியாளரும் வேண்டும். 2025 செப்டம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அங்கே ஜப்னா அணி காலியோடு ஆடும் நாளில், ஜின்னா மைதானத்தில் விளையாடும் எங்கட பிள்ளைகளும் பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். டிக்கெட் விலையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்கோ.