சென்னை – அந்தமான் கடல்வழி

தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் இரயில் வண்டி ஏறி வந்தவர்கள். விடுமுறை வந்ததும் அதே வண்டியில் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை நமக்கு என்றும் உண்டு. ஆனால், இந்திய நாட்டின் எல்லைக்குள்ளேயே இருப்புப்பாதை எட்டாத நிலத்தில் வாழும் தமிழர்களும் இருக்கின்றனர். அந்தமான் தமிழர்களையே குறிப்பிடுகிறோம். அவர்களைத் தாயகத்தோடு பிணைத்தது வங்கக் கடலின் மேற்சென்ற கப்பல் வழியாகும். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் வரை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் நீளும் அவ்வழியின் வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒரு பாதையின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் தொலைவன்று. அதில் திரும்பி வர இயலுமா என்பதே.

அக்கடற்பகுதி தமிழர்க்குப் புதியதன்று. 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களை அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்தி, மாநக்கவாரம் என்னும் பெயரையும் குறிப்பிடுகிறது. அது நிக்கோபார் தீவுகளே என்பர் வரலாற்றறிஞர். பின்னாளிலும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்ற வணிகரும் தொழிலாளரும் நம்மிடையே பலர். அப்படியிருக்க, அந்தமான் என்ற பெயர் மட்டும் நம் பாட்டன்மார் காலத்தில் கேட்போரை நடுங்கச் செய்தது ஏன்?

ஆங்கில ஆட்சி அத்தீவுகளைப் பயன்படுத்திய முறையே அதற்குக் காரணம். 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி அங்கு முதற் குடியேற்றத்தை நிறுவினார். நோயும் சாவும் மலிந்தமையால் 1796-இல் அது கைவிடப்பட்டது. பிறகு 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, கிளர்ச்சியாளரைத் தாய்மண்ணிலிருந்து அகற்றிவைக்க ஆட்சியாளர்க்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1858 மார்ச் 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் அங்கே கரையிறங்கினார். நாடு கடத்தப்பட்டோரின் தீவாக அந்தமான் மாறியது அன்றுதான்.

வடநாட்டு மக்கள் அதனைக் ‘காலா பானி’, அதாவது கருநீர் என்றனர். கடல் கடந்தால் ஆசாரம் கெடும், சாதி போகும் என்ற நம்பிக்கை ஒருபுறம். போனவர் மீளார் என்ற அனுபவம் மறுபுறம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, ஏழு கிளைகளாக விரிந்து, கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்தது. சென்னையில் ‘மகாராஜா’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்ட விநாயக தாமோதர சாவர்க்கர், 1911 ஜூலை 4-ஆம் நாள் அங்கு சென்று சேர்ந்தார். 1921-ஆம் ஆண்டின் மலபார்க் கிளர்ச்சியில் தண்டனை பெற்றோரும் அனுப்பப்பட்டனர். தண்டனையின் ஒரு பகுதியைக் கழித்தவர்கள் நிலம் பெற்றுப் பயிரிட்டு அங்கேயே குடும்பம் அமைத்ததும் உண்டு. இவ்வாறு பல மொழியினரும் கலந்த ஒரு புதுச் சமுதாயம் தோன்றிற்று.

1937-இல் அரசியல் கைதிகள் மேற்கொண்ட உண்ணாவிரதமும், நாடெங்கும் எழுந்த கண்டனமும் அரசை அசைத்தன. மறு ஆண்டின் தொடக்கத்திற்குள் அவர்கள் தாய்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டனர். கருநீர் இருவழிப் பாதையாயிற்று எனலாம். ஆயினும், 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை தீவுகள் ஜப்பானியர் வசமிருந்தபோது அப்பாதை மீண்டும் அடைபட்டது. வெளியிலிருந்து வரும் உணவு குன்றவே, தீவு மக்கள் பசியால் வாடினர். கப்பல் வராத துறைமுகம் எவ்வளவு கொடியது என்பதை அவர்கள் கண்ட காலம் அது.

1945-இல் கைதிக் குடியேற்றம் ஒழிந்தது. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழருள் ஒரு பகுதியினர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர் தோட்டங்களுக்குச் சென்றன. தாங்கள் பிறந்த மண்ணை விட்டு, மூதாதையரின் நாட்டிற்கு வந்து, அங்கும் நிலைகொள்ளாமல் மீண்டும் கடல் கடந்த மக்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பெருநாசம் விளைவித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று.

கூலி வேலைக்கும் கடை வைக்கவும் அரசுப் பணிக்கும் தமிழகத்திலிருந்து சென்றோர் பலர். இவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ‘அர்ஷவர்தனா’, ‘நன்கௌரி’, ‘சுவராஜ் தீப்’ ஆகிய பெயர்கள் அந்தமான் தமிழர் இல்லங்களில் உறவினர் பெயர்போல் வழங்கியவை. மூன்று நாளளவில் முடியும் பிரயாணம் அது. வசதியுள்ளோர்க்குத் தனியறை, ஏழை எளியோர்க்குப் பொதுக் கூடத்தில் அடுக்குப் படுக்கை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் உருண்டாடும். உண்ட உணவு தங்காது. கிழக்கே செல்லச் செல்லச் சூரியன் முந்தி எழும். கடிகார நேரம் இரண்டிடத்தும் ஒன்றே எனினும், சென்னையைவிடச் சுமார் ஐம்பது நிமிடம் முன்னதாகவே போர்ட் பிளேரில் நண்பகல் ஆகிவிடும்.

இன்று விமானம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அத்தொலைவைக் கடக்கிறது. 2020 ஆகஸ்டு முதல் சென்னையிலிருந்து கடலடியில் இட்ட தகவல் தொடர்புக் கம்பி செய்திகளைக் கொண்டு செல்கிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரை மத்திய அரசு அறிவித்தது. பெயரும் வாகனமும் மாறின, கடல் மாறவில்லை. கைதியை அச்சுறுத்திய அதே அலைகளைப் பின்னாளில் பொங்கலுக்கு ஊர் திரும்பும் தொழிலாளி அமைதியாகக் கடந்தான். அவனிடம் இருந்ததும் கைதியிடம் இல்லாததும் ஒன்றே: திரும்பி வருவதற்குரிய சீட்டு. பிழைப்பை நாடிப் புறப்படுவதற்கும் நாடு கடத்தப்படுவதற்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிறு தாளில் அடங்கியிருக்கிறது. வெளியூரில் வாழும் நாம் அதன் அருமையை நன்கு அறிவோம்.