பரமபத சோபானம்: ஒரு பழைய ஆட்டத்தின் அமைப்பு



மார்கழித் திங்களில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழித்தல் நம்மவர் மரபு. அந்நீண்ட இரவைக் கழிக்க முன்னோர் கண்ட துணைகளுள் ஒன்று பரமபத சோபானப் படம். சோபானம் என்பது படி. கட்டங்கட்டமாக உயர்ந்து, ஏணியால் ஏறி, பாம்பின் வாய்ப்பட்டு இறங்கி, முடிவில் பரமபதம் அடைவதே ஆட்டம். பிழைப்பின் பொருட்டு மட்டாஞ்சேரிக்கும் மும்பைக்கும் சென்ற தமிழர் பெட்டிக்குள் மடித்து எடுத்துச் சென்ற பொருள்களுள் இப்படமும் ஒன்றாய் இருந்திருக்கக் கூடும்.

சிறுவர் விளையாட்டென்று இதனை ஒதுக்குதல் தகாது. வடநாட்டில் இதன் உடன்பிறப்புக்கு ஞான சௌபர் என்று பெயர். வைணவர் படங்களுள் 72 கட்டங்கள் கொண்டவை உண்டு. சமணர் படங்களுள் 84 கட்டங்கள் கொண்டவை உண்டு. 13ஆம் நூற்றாண்டினரான ஞானேசுவரர் இதனை இயற்றினார் என்பது மராத்தியர் கூற்று. கைக்குக் கிட்டியுள்ள பழம்படங்களோ பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சமயம் மாறினும் ஆட்டத்தின் உள்ளக் கிடக்கை ஒன்றே. நற்குணம் ஏணியாகும், தீக்குணம் பாம்பாகும், நகரும் காய் நம் உயிரேயாகும்.

இனி, இதன் அமைப்பின் நுட்பத்தைக் காண்போம். பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் நிகழக்கூடியவை 16. அவற்றுள் மூன்று விழ 4 வழிகள்; இரண்டு விழ 3, நான்கு விழ 3; ஒன்றாகிய தாயம் விழ 2, ஐந்து விழ 2; ஆறு விழ ஒரே வழி. இரு வெறுமுகங்களும் சேர்ந்து விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். ஆதலின் நம் நடை பெரும்பாலும் சிறு நடை, பெரும்பாய்ச்சல் அரிது. பல வீடுகளில் தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம்; அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்றேயாகும். இரு கட்டைகளும் வெறுமை காட்டும்போதே மிகப் பெரிய எண் கிடைப்பது எத்துணை அழகிய விதி! ஒன்றுமில்லாமையே பெரும்பேறாகிறது.

உச்சிக்கு அருகே பெரும்பாம்பு ஒன்று வாய்பிளந்து காத்திருப்பதும் கருத்தின்றி அமைந்ததன்று. உயர்ந்தோர்க்கே பெருவீழ்ச்சி என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அது கற்பிக்கின்றது.

மேலைநாட்டார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டனர். தொடக்கத்தில் நற்குண தீக்குணங்கள் அவர்தம் படங்களிலும் இருந்தன. நாளடைவில் அவை மறைந்து எண்கள் மட்டுமே நின்றன. 1943இல் அமெரிக்காவில் வெளிவந்த பதிப்பில் பாம்பும் மறைந்து, சறுக்குமரம் வந்தது. ஆட்டம் பிழைத்தது, கதை உதிர்ந்தது.

ஆயினும் கதையும் பகடையும் அங்கே மீண்டும் கைகோத்தன. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துப் பேசுவர். நடுவர் ஒருவர் கதை சொல்வார். ஐயம் நேர்ந்தவிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். வெற்றி பெறப் பெற வீரன் படிப்படியாக உயர்வான். அங்கே ஆடுவோன் தன் வழியைத் தானே தேர்வான்; பரமபதத்திலோ தேர்வு இல்லை, விழுந்ததே வழி. இவ்வேறுபாடு பெரிதே. எனினும் கதை சொல்லும் நடுவர் நமக்குப் புதியவரல்லர். காய் பாம்பின் வாயில் விழுந்ததும், “இவன் ஏன் விழுந்தான் தெரியுமா?” என்று தொடங்கிப் புராணம் சொன்ன பாட்டியார்தாம் நம் வீட்டு நடுவர்.

மட்டாஞ்சேரி அரண்மனையை நினைவிற் கொள்க. போர்த்துகீசியர் கட்டி, 1555இல் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. அதன் பள்ளியறைச் சுவரில் இராமாயணம் முழுவதும் ஓவியமாக ஓடுகின்றது. கதை அறிந்தோர்க்கு அது காவியம், அறியாதோர்க்கு வண்ணக்குழப்பம். 1568இல் எழுந்த யூதர் ஆலயமும், 1904இல் குஜராத்திச் சமணர் கட்டிய தருமநாதர் கோயிலும் அவ்வூரிலேயே உள்ளன. கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த இம்மக்கள் தத்தம் மரபைக் காத்தது கல்லால் மட்டுமன்று. பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே காத்தனர்.

நம் பரமபதப் படமும் அவ்வோவியம் போன்றதே. அயல்மொழியில் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர் அதன் கட்டங்களில் உள்ள தமிழெழுத்தைப் படிக்க இயலாதவர். எண்ணை மட்டும் எண்ணிக் காய் நகர்த்துவாராயின், சறுக்குமரத்துக்கும் பரமபதத்துக்கும் வேற்றுமை யாது? பாட்டியார் ஊரில் இருக்கின்றார். நடுவர் இருக்கை வெறுமையாக உள்ளது. வரும் ஏகாதசி இரவில் பெற்றோர் அவ்விடத்தில் அமர்க. காய் நிற்கும் கட்டத்தின் பெயரைப் பிள்ளையே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். கதையை நாம் சொல்வோம். விடிவதற்குள் சில எழுத்துக்களும் சில கதைகளும் அப்பிள்ளையிடம் தங்கும். யார் முதலில் பரமபதம் அடைந்தார் என்பது அதன்பின் பெரிதாகத் தோன்றாது.