காந்தாவும் கண்ணுக்குத் தெரியாத தையலும்

வரலாறு எழுதுவோர் எஞ்சி நிற்பவற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வர். கல்வெட்டும் காசும் கோட்டையும் எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு வரலாறு எழுதப்படுகிறது. பணி முடிந்தவுடன் அகற்றப்படும் பொருள்களுக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. கோபுரத்தைக் கண்டு வியப்போர், அதனை எழுப்பக் கட்டிய சாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. துணிக்கலையிலும் அத்தகைய சாரம் ஒன்று உண்டு. துணியடுக்குகள் நழுவாதிருக்க முதலில் இடப்பெறும் நீண்ட, தளர்ந்த தையலே அது. தையற்கலைப் பாடநூல்கள் அதனைத் 'தற்காலிகத் தையல்' என்று குறிக்கும். நம் நாட்டு மலாய்ப் பெண்கள் அதனை 'ஜெலுஜூர்' என்பர். வங்கநாட்டுக் 'காந்தா'வின் வரலாற்றில் இத்தையல் பெற்ற பங்கினை ஈண்டுக் காண்போம்.

காந்தா என்பது பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வையாகும். 'கந்தா' என்னும் வடசொல்லுக்குக் கிழிந்த துணி என்பது பொருள். நம் 'கந்தை'யும் அதனோடு உறவுடைய சொல்லே. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் கூறினர். வங்கத்துப் பெண்களோ கந்தையைக் கசக்கியதோடு நில்லாது, அதனைக் கலைப்பொருளாகவும் ஆக்கினர். குளிர்காலத்திற்குரிய தடித்த 'லேப்', விரிப்பாகப் பயன்படும் 'சுஜனி', கண்ணாடியைச் சுற்றிவைக்கும் 'ஆர்சிலதா' என அதன் வகைகள் பலவாகும்.

அதனைச் செய்யும் முறை எளியது. உடுத்துத் துவைத்து மென்மையான புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் விரிப்பர். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடுக்குகள் இருக்கும். கையால் நீவிச் சுருக்கம் போக்கி, ஓரங்களில் கனமான பொருள்களை வைப்பர். பின்னர் விளிம்புகளை மடித்துத் தைத்து, நீளவாக்கில் பெரிய தையல்களைச் சில வரிசைகளாக ஓட்டுவர். இதுவே தற்காலிகத் தையல். இதன் பின்னரே புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தாமரையும் மீனும் வாழ்க்கை மரமும் உருப்பெறும். வேலை முடிந்ததும் முதலில் ஓட்டிய நூலை உருவிவிடுவர். அன்றேல் அது மற்றத் தையல்களுக்கிடையே மறைந்துபோகும்.

இத்தையல் இன்றியமையாதது ஏன்? ஊசி மேலடுக்கைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே செல்லும். கீழடுக்கோ அதனோடு செல்லாது. ஒவ்வொரு தையலிலும் நேரும் நழுவல் அற்பமே. எனினும் ஆயிரம் தையல்கள் இட்டபின் ஒருபுறம் துணி மிஞ்சிப் புடைக்கும். மறுபுறம் பற்றாக்குறை தோன்றும். பழந்துணிகளில் ஒன்று மிக நைந்தும் மற்றொன்று சற்று உறுதியாகவும் இருத்தலால் இத்தொல்லை மேலும் பெருகும். அத்தகைய அடுக்குகளை ஒரே துணிபோல் நடக்கச் செய்வதே முதல் தையலின் பணி.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியிலும் வேல்சு நாட்டிலும் அடுக்குத் துணிகளை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்தனர். சட்டத்திற்கு இடம் வேண்டும். வேலை முடியும்வரை அது வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும். வங்கத்துச் சிற்றூர்ப் பெண்ணுக்குச் சட்டமும் இல்லை, தனியறையும் இல்லை, இடையறாத ஓய்வும் இல்லை. தற்காலிகத் தையல் ஓட்டப்பெற்ற காந்தாவை மடித்து வைக்கலாம். நினைத்தபோது எடுத்து மடியில் விரித்துத் தொடரலாம். உலை கொதிப்பதற்குள் ஒரு வரிசையும், குழந்தை உறங்கும்போது மற்றொரு வரிசையும் தைக்கலாம். மாதங்கள் கழிந்தாலும், ஆண்டுகள் கழிந்தாலும் அடுக்குகள் கலையா. சிதறுண்ட பொழுதுகளைக் கொண்டு ஒரு பெரும்பணியை முடிக்க ஏழைப் பெண்ணுக்கு வழிவகுத்தது அந்தத் தளர்ந்த நூலே எனலாம்.

வரலாற்றில் எஞ்சியவற்றை நோக்குவோம். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் சாத்காவ் பகுதியில் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால் தைக்கப்பெற்ற போர்வைகளைப் போர்த்துகீசிய வணிகர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அவை விற்பனைக்கு உரியவை. வீட்டுக் காந்தாவோ அன்பிற்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்னும் பெண்மணி தம் தந்தைக்கெனத் தைத்த காந்தாவில் தம் பெயரையும் பொறித்துள்ளார். குருசதய் தத்தர் திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களோடு அது கொல்கத்தாவை அடுத்த ஜோகா அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. 1929ஆம் ஆண்டு கவிஞர் ஜசீமுதீன் 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலை வெளியிட்டார். பிரிந்துசென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணொருத்தி தன் வாழ்வையே காந்தாவில் தைப்பதாக அக்கதை அமைந்துள்ளது. 1939ஆம் ஆண்டு கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். இவ்வாறு மேலே தெரியும் பூவேலை புகழ்பெற்றது. அடியிலிருந்து தாங்கிய தையலோ பேசப்படாது போயிற்று.

1971ஆம் ஆண்டு வங்காளதேசம் விடுதலை பெற்றபின், போரினால் நலிந்த பெண்களுக்கு வேலை தரும் பொருட்டுக் காந்தாக் கலை புத்துயிர் பெற்றது. 1978இல் தோன்றிய 'ஆரோங்' போன்ற விற்பனை நிலையங்கள் அதற்குச் சந்தையைத் தேடித் தந்தன. பல பெண்களின் அடுப்பு எரிந்தது, இது போற்றத்தக்கதே. எனினும் பழந்துணியின் இடத்தைப் புதுத்துணி பிடித்தது. இந்நாளில் 'காந்தாப் புடவை' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒற்றைத் துணியில் செய்த பூவேலையே. அடுக்கு இல்லாதபோது அடுக்கைப் பிணைக்கும் தையலுக்கு வேலை ஏது? பெயர் நிலைத்தது, அப்பெயருக்குக் காரணமான கந்தை மறைந்தது.

பிரெஞ்சு மொழியில் 'பாத்தீர்' என்னும் வினைச்சொல் ஒன்று உண்டு. வீடு கட்டுதலையும் தற்காலிகத் தையல் இடுதலையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். நார்கொண்டு பிணித்தல் என்னும் பழம்பொருளிலிருந்தே கட்டுதல் என்னும் பொருள் பிறந்தது என்பர் மொழிநூலார். கட்டு, கட்டடம் என்னும் நம் சொற்களையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. பிணிப்பே கட்டடத்தின் தொடக்கம் என்னும் உண்மையை மொழிகள் மறந்துவிடவில்லை.

மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒரு காந்தாவின் முன் நின்று, "இந்தப் பூக்களைத் தைக்கும்வரை இத்துணிகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது எது?" என்று கேட்பாராக. பெயர் பொறிக்காது பணி முடித்து விலகிய கைகளைத் தேடும் பழக்கம் அவ்வினாவால் மாணவர்க்கு வாய்க்கும். அத்தேடலும் வரலாற்றுக் கல்வியே.