சட்டாம்பிள்ளை: தமிழ்த் தொடக்கப்பள்ளி வகுப்பொழுங்கின் ஒரு வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் கட்டொழுங்கு பற்றிய உரையாடல், பிரம்பு வேண்டுமா வேண்டாமா என்னும் வினாவிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வகுப்பு எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். இதனைச் சட்டாம்பிள்ளை என்னும் மாணவப் பொறுப்பாளரின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நாட்டுப்பள்ளியின் ஒழுங்கு

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்து நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளில் 188,650 மாணவர் பயின்றமை தெரியவந்தது. அஃதாவது, பள்ளிக்குச் சராசரியாக 15 பேர். பல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை அன்றைய வகுப்பறையைக் காட்டுகிறது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓரடி, அடுத்தடுத்து வருவோர்க்கு அடிகள் ஒவ்வொன்றாகக் கூடும். சோம்பியோரைக் கைகளால் கூரையில் தொங்கவிடுதலும் உண்டு. தமிழ்த் திண்ணைப் பள்ளியின் கோதண்டத் தண்டனையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கேம்பெல் அதே அறிக்கையில் பாராட்டினார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் கருதினார். எனவே, தண்டனையும் மாணவர் துணையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன எனலாம்.

எழும்பூரில் நிகழ்ந்த மாற்றம்

1789இல் எழும்பூரிலிருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஆண்ட்ரு பெல் ஏற்றார். நாட்டுப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே, ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். குற்றங்கள் ஒரு கரும்புத்தகத்தில் பதியப்பட்டு, வாரந்தோறும் மாணவ நடுவர் குழுவின்முன் வைக்கப்பட்டன. 1797இல் பெல் வெளியிட்ட நூலின்வழி இது ‘சென்னை முறை’ எனப் பரவியது. இம்முறைக்குக் குறையும் உண்டு. அது மலிவாக இருந்தது என்பதாலேயே பெரிதும் விரும்பப்பட்டது, நெட்டுருவைத் தாண்டவில்லை. 1846இல் இங்கிலாந்து பயிற்சிபெறும் மாணவ ஆசிரியர் திட்டத்திற்கு மாறியது.

தோட்டமும் நகரமும்

மலாயாவில் 1912, 1923 ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத்தொகுப்புகள், 7 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைய வழிவகுத்தன. கிள்ளான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே கொட்டகையில் நடத்திய சூழலில், மூத்த மாணவரின் துணை தவிர்க்க இயலாததாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் 1914இல் தோன்றிய விவேகானந்தா தமிழ்ப்பள்ளி போன்ற நகரப்பள்ளிகள், காலப்போக்கில் வகுப்புக்கோர் ஆசிரியர் என்னும் அமைப்பை எய்தின. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள், பிரம்படி வழங்கும் உரிமையைத் தலைமையாசிரியரிடமும் அவர் பணித்த ஆசிரியரிடமும் ஒடுக்கின. மாணவியருக்கு அதனை விலக்கின.

இம்மாற்றங்களுக்கிடையே சட்டாம்பிள்ளையின் பணி பாதியாகக் குறுகியது. கற்பிக்கும் கடமை நீங்கியது. கண்காணிக்கும் கடமை எஞ்சியது. ஆசிரியர் இல்லாத வேளையில் பேசியோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பிள்ளையை நாம் அனைவரும் அறிவோம். அப்பிள்ளை தோழரால் வெறுக்கப்படுவதும் நாம் அறிந்ததே. கற்பித்தலிலிருந்து பிரிந்த அதிகாரம் வேறு மதிப்பைப் பெறுவதில்லை.

முடிவுரை

இன்றைய தமிழ்ப்பள்ளிகளில் இரு நிலைகளைக் காண்கிறோம். தோட்டங்கள் குடியிருப்புகளான கிள்ளான் பள்ளத்தாக்கில், சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளிகள் உள்ளன. பிற இடங்களிலோ இரு வகுப்புகளை ஒன்றிணைத்து நடத்தும் சிறுபள்ளிகள் உள்ளன. இரண்டிலும் ஆசிரியரின் கவனம் ஒரே வேளையில் அனைவரையும் எட்டுவதில்லை. அவ்விடைவெளியே குறும்பின் விளைநிலம். பெயர் எழுதும் பணியை விடுத்து, வாசிப்பில் தளர்ந்த தோழனுக்குப் பத்து நிமிடம் துணைநிற்கும் பணியை, ஆசிரியரின் மேற்பார்வையில், சுழற்சி முறையில் அனைவர்க்கும் வழங்கலாம். கோதண்டத்தைக் கைவிட்டது நன்று. அதனோடு சேர்த்துக் கைவிட்ட மணற்பலகைத் தோழமையை மீட்பது நம் கடமையாகும்.