செறிவுக் கணக்கு: பெங்களூருக் குடிநீர்

கரைந்த பொருளின் நிறையை நீரின் கனஅளவால் வகுத்தால் கிடைப்பது செறிவு. ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 1 கிலோ எடை என்பதால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லிட்டருக்குச் சுமார் 1.025 கிலோ எடையுள்ள கடல்நீருக்கு இது பொருந்தாது. அங்கே லிட்டருக்கான மில்லிகிராம் எண்ணை அடர்த்தியால் வகுக்க வேண்டும்.

பெங்களூருவில் காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் புழங்குகின்றன. ஐஎஸ் 10500 (2012) என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லையெனில் 2,000 வரை. லிட்டருக்கு 800 மி.கி. கொண்ட 12,000 லிட்டர் லாரித் தண்ணீருடன் 9.6 கிலோ உப்பு தொட்டியில் இறங்குகிறது.

நைட்ரேட் கணக்கில்தான் மிகுந்த கவனம் தேவை. அதன் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. ஆய்வறிக்கை நைட்ரேட்டை நைட்ரஜனாகக் குறித்திருந்தால், அந்த எண்ணை 62/14 ஆல், அதாவது 4.43 ஆல் பெருக்க வேண்டும். 15 என்று பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அது உண்மையில் 66. அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும்.

கிருமி நீக்கத்துக்கும் இதே கணக்குதான். 10,000 லிட்டர் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் சேர்க்க 20 கிராம் குளோரின் வேண்டும். 25 விழுக்காட்டு பிளீச்சிங் பவுடரில் அது 80 கிராம்.