எம்.சி. சீட்டு: நோய் என்று யார் சொன்னால் செல்லும்?

செந்தூல் என்றாலே நம்மவர்களுக்கு இரயில் பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பட்டறை எழுந்த பிறகு, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களால் அந்த வட்டாரமே தமிழர் ஊராக வளர்ந்தது. இரயில்வே அன்று அரசாங்க இலாகா. ஆகவே நிரந்தர ஊழியர் நோயில் படுத்தால், டாக்டரின் சான்றிதழுக்கு மதிப்பு இருந்தது.

பின்னாளில் தோட்டங்களை விட்டுத் தலைநகருக்கு வந்த குடும்பங்களின் அனுபவமோ வேறு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு வர முடியாதவர் டிரசரிடம் போக வேண்டும். காய்ச்சல் மெய்யா, வெறும் சாக்கா என்று தீர்மானித்தவர் அவரே. அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ தோட்ட நிர்வாகம். பால்மரம் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை என்ற நிலையில், அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்தான் அன்றைய அடுப்பெரிவதைத் தீர்மானித்தது. நல்ல டிரசர்களும் இருந்தார்கள். பிரசவம் முதல் மலேரியா வரை பார்த்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல்தான் வந்தது.

1957 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பைத் தொழிலாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள்.

நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது 48 மணி நேர விதியில். கையில் எம்.சி. இருந்தாலும், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், அனுமதியின்றி வேலைக்கு வராதவர் என்றே சட்டம் கருதும்.

டாக்டரையும் முதலாளிதான் நியமிக்கிறார். நிறுவனத்தின் பேனல் கிளினிக் இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காவிட்டால் மட்டுமே பதிவு பெற்ற வேறு டாக்டரின் சீட்டு செல்லும். டிரசர் காலத்துக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்தச் சந்தேகத்தைக் காசுக்கு வாங்கும் போலி எம்.சி.க்கள் மேலும் வளர்க்கின்றன. அது தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அடிபடுவது உண்மையிலேயே படுத்திருப்பவரின் பேச்சு.

வேலையில் அடிபட்டவருக்கு இந்தச் சீட்டு இன்னும் முக்கியம். 1971இல் தொடங்கிய சொக்சோவின் தற்காலிக ஊனத் தொகை தினசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாளுக்கு டாக்டர் விடுப்பு எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு இரண்டே நாளில் திரும்பியவர் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது.

செந்தூல் பட்டறை வேலை இன்று பத்துகாஜாவுக்குப் போய்விட்டது. சட்டமும் மாறியிருக்கிறது. முன்பு சாதாரண நோய் விடுப்பும் அந்த 60 நாளுக்குள்ளேயே அடங்கியது. 2023 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி. ஆகவே ஐந்து ஆண்டு சேவை முடித்தவர் 22 நாளையும் எடுத்துவிட்ட பிறகு மருத்துவமனையில் சேர்ந்தால், அவருக்கு மீதி 38 நாள்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னால், அது பழைய கணக்கு.