தாத்தாவுக்குத் தபால் ஓட்டு... 5 நாள்தான் டைம்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலமெல்லாம் தறிக்குழியில் கால்வைத்துப் பட்டு நெய்தவரா உங்க தாத்தா? வயது 85-ஐத் தாண்டிவிட்டதா? அப்படின்னா, வாக்குச்சாவடி வரிசையில் அவர் நிற்க வேண்டியதில்லை. ஓட்டுச்சீட்டு அவரைத் தேடி வீட்டுக்கே வரும். அதற்கு நீங்கதான் உஷாரா இருக்கணும்.

யாருக்கெல்லாம் உண்டு?

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் தபால் ஓட்டு உண்டு.

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் உங்களுக்கு? கிடையாது. பஸ் பிடித்து ஊருக்கு வந்துதான் ஆகணும். என்.ஆர்.ஐ-களுக்கும் இதே கதைதான்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கு விதிகள் வேறு என்பதால், இந்த வசதியை அங்கே எதிர்பார்க்காதீங்க.

என்ன செய்யணும்?

'படிவம் 12டி'யை வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே கொண்டுவருவார். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 5 நாள்களுக்குள் பூர்த்தி செய்து கொடுத்துவிட வேண்டும். தேர்தல் தேதியை அறிவிப்பது வேறு, அறிவிக்கை வேறு. 2024-ல் மார்ச் 16 அன்று தேதிகளை அறிவித்தார்கள். தமிழகத்துக்கான அறிவிக்கை வந்தது மார்ச் 20. 12டி-க்குக் கடைசி நாள் மார்ச் 25. மாற்றுத்திறனாளிகள் சான்றிதழ் நகலையும் இணைக்கணும்.

பிறகு, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு அலுவலர்கள் வருவார்கள். அன்று வீட்டில் ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால், அவ்வளவுதான். தபால் ஓட்டு கேட்டவர் வாக்குச்சாவடிக்குப் போயும் ஓட்டுப் போட முடியாது.

ஒரு கையெழுத்தின் மதிப்பு

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டுகள். சான்றொப்பம் இட்டவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளோ 203! 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அதனால், உறுதிமொழிப் படிவத்தில் தாத்தாவின் கையெழுத்தும் அலுவலரின் சான்றொப்பமும் இருக்கான்னு பார்த்துட்டு உறையை ஒட்டச் சொல்லுங்க.

வாக்காளர் பட்டியலில் தாத்தாவின் வயது சரியா இருக்கான்னு இப்பவே செக் பண்ணிடுங்க. சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் போடுங்க.